பதினோராம் எண்

மெர்சிங் படகுத்துறையிலேயே நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். அக்டோபர் மாதக் கடைசி. இன்னும் பத்து நாளில் பருவக்காற்று தொடங்கிவிடும், தீவுகளில் விடுதிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை கடல் அசையவேயில்லை. கரையில் நின்ற ஒரு கொடிகூட ஆடவில்லை. எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. ஆனால் மாசாயிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் காடி ஓட்டி வந்தவள் நான். கொடி ஆடவில்லை என்று திரும்பிப் போனால் ஊர் சிரிக்காதா?

"இது என்னா கடலு, கழுவி ஊத்துன தண்ணியாட்டம் சும்மா கெடக்கு?" என்றாள் புஷ்பவள்ளி.

"வாய மூடு லா. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றேன்.

புஷ்பவள்ளியும் நானும் மாசாயில் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். நான் மூன்றாவது மாடி, அவள் ஐந்தாவது மாடி. பாசிர் கூடாங்கில் ஒரே ஜப்பான் கம்பெனியில், ஒரே வரிசையில், பதின்மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம். அவளுக்குப் புருஷன் போன இடம் தெரியாது. பதினாலு வயதில் லோஷினி என்று ஒரே மகள். அந்தப் பிள்ளையை அன்றைக்கு என் வீட்டில்தான் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

கம்பெனியில் காலை ஏழு மணிக்கு எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கை காலை ஆட்டி உடற்பயிற்சி, பிறகு ஆளுக்கொரு எண். லைன் லீடர் ஆரம்பித்து வைப்பார், நாங்கள் ஒன்று, இரண்டு என்று குரல் கொடுத்துக்கொண்டே போவோம். எண் விட்டுப்போனால் அன்றைக்குப் பெயர் கெடும். புஷ்பா மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மோட்டாரில் பறந்து வருவதற்குள் பல நாள் மணி ஏழு தாண்டிவிடும். அவள் எண்ணையும் நானே சொல்லிவிடுவேன். என் எண்ணைச் சொன்ன கையோடு தலையைக் குனிந்து, குரலைக் கொஞ்சம் மாற்றி அடுத்ததையும் சொல்வேன். அவள் வந்து சேரும்வரை அங்கே இங்கே என்று கதை விட்டு லீடரைச் சமாளிப்பதும் என் வேலை. நான் தாமதமானால் அவள் எனக்குச் செய்வாள். பதின்மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. இன்றைக்கு அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படகுக்காரர் பெயர் ஜைனால். ஐம்பது வயது மலாய்க்காரர். அண்ணன் என்ற மரியாதையில் பாங் ஜைனால் என்றே எல்லாரும் கூப்பிட்டோம். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, அவரும் ஆளுக்கொரு எண் கொடுத்தார். நான் பத்து, புஷ்பா பதினொன்று, பின்னால் ஒரு சீனக் கிழவர் பன்னிரண்டு.

"ஒவ்வொரு எடத்துலயும் கெளம்புறப்ப எண்ணைச் சொல்லணும்," என்றார் மலாயில். "நாலு மணிக்குள்ள திரும்பி வந்து படகுத்துறை இருக்கிற ஆத்துக்குள்ள நுழஞ்சிடணும். தண்ணி வத்திட்டா படகு உள்ள போகாது. வெளியிலயே கெடக்கணும். இன்னைக்கு வானம் எனக்குப் பிடிக்கல. ரெண்டு தீவு போதும்."

"விளம்பரத்துல மூணுன்னுதானே போட்டிருக்கு?" என்றார் ஒருவர். தெப்ராவிலிருந்து மனைவி மக்களோடு வந்திருந்த ஹேமநாதன். காப்புறுதி ஏஜெண்ட். ஊரில் எந்தக் கூட்டத்திலும் ஒரு ஹேமநாதன் இருப்பார். எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் சொல்லுவார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நானும்தான் சேர்ந்துகொண்டேன், பொய் சொல்வானேன். பாங் ஜைனால் இன்னொரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். அவருடைய கூட்டாளியின் படகு ஒன்று எங்களுக்குப் பின்னாலேயே வந்தது.

முதல் தீவில் மணல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கரையெங்கும் செத்த சிறுமீன்கள் ஒதுங்கிக் கிடந்தன. ஈகூட மொய்க்கவில்லை. புஷ்பா அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் மகளுக்கு வீடியோ எடுக்கிறேன் என்று தீவின் மறுகோடிவரை போய்விட்டாள். கிளம்பும் நேரத்தில் நான் பத்து என்றேன். அடுத்த குரல் இல்லை. பாங் ஜைனால் எஞ்சினை அணைத்துவிட்டார். இருபது நிமிடம் வெயிலில் காத்துக் கிடந்தோம்.

"நம்ம ஆளுங்களாலதான் எப்பவும் லேட்டு," என்று ஹேமநாதன் மனைவியிடம் சொன்னார், எனக்கும் கேட்கும்படியாக. எனக்குச் சுருக்கென்று தைத்தது. புஷ்பா சிரித்துக்கொண்டே ஓடி வந்து ஏறினாள். ஏறியதும் கைப்பேசியை என் பையில் போட்டாள்.

"ஒனக்கு வெக்கமே இல்லியா? ஊரே ஒன்னையப் பத்திப் பேசுது," என்றேன்.

"பேசட்டும். நாளைக்கு என்னையப் பாக்கவா போறாங்க?" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "கஸ்தூரி, ஒன்னு சொல்லணும். கத்தாத," என்றாள்.

கத்தாதே என்று சொல்லி ஆரம்பித்தாலே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும்.

"சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சு. அடுத்த மாசம் ஒன்னாந்தேதி சேரணும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"லோஷினிக்கு. அப்புறம் நம்ம லைன்ல மதிவாணனுக்கு. அவருதான் அங்க ஆளு தெரியும்னு..."

"மதிவாணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"நீ கத்துவேன்னுதான் சொல்லல."

"நான் எப்ப கத்துனேன்?" என்று கத்தினேன். படகே திரும்பிப் பார்த்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "போ. எங்க வேணுமோ போய்த் தொலை. இனிமே என் மூஞ்சியில முழிக்காத," என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

புஷ்பா சண்டை போட மாட்டாள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள், அவ்வளவுதான்.

இரண்டாவது இடத்தைத் தீவு என்றே சொல்ல முடியாது. கடலுக்கு நடுவில் எழும்பி நின்ற கரும்பாறை, உச்சியில் நாலைந்து புதர். சுற்றிலும் பவளப்பாறை இருப்பதால் நீர்க்கண்ணாடி மாட்டி மீன் பார்க்க அங்கே கூட்டிப்போவார்கள். இரண்டு படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். "பாறைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. அடியில கடல் முள்ளெலி கறுப்பா முள்ளோட கெடக்கும், இழுப்பும் அதிகம்," என்றார் பாங் ஜைனால். புஷ்பா சிலிப்பரைப் பெஞ்சுக்கு அடியில் கழற்றிப் போட்டுவிட்டு, ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே தண்ணீரில் இறங்கினாள். அவளுக்கு நீச்சல் அரைகுறை. கூடப் போயிருக்க வேண்டும். கோபத்தில் நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். தெற்கே வானத்தின் அடிப்பாகம் கறுத்திருந்தது. அதுவரை இல்லாத ஒரு குளிர்ந்த காற்று ஒரே ஒரு தடவை வீசிவிட்டு நின்றது. பாங் ஜைனால் எழுந்து விசிலை ஊதினார். எல்லாரும் அவசர அவசரமாக ஏறினார்கள். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் அடுத்த படகைப் பார்த்தேன். அதன் கடைசிப் பெஞ்சில் பச்சைத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். புஷ்பாவிடம் பச்சைத் துண்டு இருந்தது. ஓஹோ, மகாராணி என்னோடு வர மாட்டாளாம், அந்தப் படகில் ஏறிக்கொண்டாளாம் என்று நினைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? முதலில் அவள் கூப்பிடட்டும்.

பாங் ஜைனால் முன்பக்கம் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே எண்ணச் சொன்னார். மலாயில் எண்கள் வந்துகொண்டிருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது. அடுத்து என் முறை. அடுத்த எண் வராவிட்டால் மறுபடியும் எஞ்சின் நிற்கும், மறுபடியும் ஹேமநாதன் திரும்பிப் பார்ப்பார், மறுபடியும் நம்ம ஆளுங்க என்பார்.

"செப்புலோ," என்றேன் உரக்க. தலையைக் குனிந்து, குரலை மாற்றி, புஷ்பாவின் பதினொன்றையும் "செபெலாஸ்," என்றேன்.

பின்னால் சீனக் கிழவர் தன் எண்ணைச் சொன்னார். படகு கிளம்பிவிட்டது.

மூன்றாவது தீவுக்குப் போகும் பாதி வழியில் அலை எழும்பத் தொடங்கியது. படகு தூக்கிப் போட்டதில் பெஞ்சுக்கு அடியிலிருந்து புஷ்பாவின் சிலிப்பர் நகர்ந்து வந்து என் காலில் இடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படகில் ஏறுகிறவள் சிலிப்பரை எடுத்துக்கொள்ளாமலா போவாள்? போவாள், கோபத்தில் எதையும் விட்டுவிட்டுப் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அடுத்த படகு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பச்சைத் துண்டு அசையாமல் இருந்தது.

மூன்றாவது தீவில் ஒரு விடுதியின் பலகைத்துறையில் இறங்கினோம். அந்தப் படகிலிருந்து பச்சைத் துண்டுக்காரியும் இறங்கினாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். இருபது வயதுச் சீனப் பெண்.

பலகையின் மேல் அப்படியே நின்றேன். "புஷ்பா," என்று கூப்பிட்டேன். பிறகு அலறினேன். அந்தப் படகுக்காரர் தன் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தன்னிடம் எல்லாரும் சரியாக இருக்கிறார்கள் என்று சொன்னார்.

பாங் ஜைனாலின் முகம் வெளிறிவிட்டது. "பாறையில எண்ணினேனே. பன்னெண்டும் வந்துச்சே," என்றார். "அப்ப வழியிலதான் விழுந்திருக்காங்க. அலை தூக்குனப்ப விழுந்திருக்காங்க."

"ஆமா, பின்னாடிதான் உட்காந்திருந்தாங்க, நான் பாத்தேனே," என்றார் ஹேமநாதன். அவர் மனைவிகூட, திரும்பியபோது பார்த்ததாகச் சொன்னாள். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்கிறார்கள். அது பொய் என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ஒருவேளை அவள் கடைசி நிமிடத்தில் ஏறியிருப்பாளோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்று ஒரு மனம். நீதானே சொன்னாய் என்று இத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று இன்னொரு மனம். பயம். வேறென்ன சொல்ல? அசிங்கமான பயம்.

பாங் ஜைனால் கடல் மீட்புப் படைக்குப் போன் போட்டார். பாறைக்கும் இந்தத் தீவுக்கும் நடுவில் ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்றார். வழியில் தேடுங்கள் என்றார். பயணிகளைக் கரையில் விட்டுவிட்டு இரண்டு படகுகளும் கிளம்பின. நான் பாங் ஜைனாலின் படகில் ஏறிக்கொண்டேன். மணி மூன்று பத்து. இனிமேல் தேடப் போனால் நாலு மணிக்குள் ஆற்றுக்குள் நுழைய முடியாது என்று அவருக்கும் தெரியும். இருந்தும் படகைக் கடல் பக்கம் திருப்பினார்.

மெதுவாக, இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு என்று தேடினோம். கடல் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. மழை வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் குறைந்துகொண்டே வந்தது. அவள் இல்லாத தண்ணீரில் அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்தார். என் பைக்குள் புஷ்பாவின் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். லோஷினி. திரையில் அந்தப் பிள்ளையின் படம், பள்ளிச் சீருடையில். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பாங்," என்றேன். "அவ ஏறவே இல்ல. நான்தான் அவளுக்கும் சேத்து எண்ணைச் சொன்னேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். புரிந்ததும் அவர் என்னை அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இங்க நாம எவ்வளவு நேரமா தேடுறோம், தெரியுமா?" என்றார். அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. போனில் சரியான இடத்தைச் சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார்.

மழைக்குள் அந்தப் பாறை திடீரென்று எதிரில் வந்து நின்றது. நாங்கள் படகு கட்டிய பக்கத்தில் யாரும் இல்லை. மிதக்கும் ஜாக்கெட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மாசாய் கோயில் முனீஸ்வரனிலிருந்து பேர் தெரியாத கடல் சாமிவரை ஒருவரையும் விடவில்லை. பாங் ஜைனால் எஞ்சினைக் குறைத்து, பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். அலை பாறையில் மோதி இரண்டாள் உயரத்துக்கு எழும்பியது.

பாறை இடுக்கு ஒன்றில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

கழுத்துவரை தண்ணீர். இரண்டு கையாலும் பாறையைக் கட்டிப்பிடித்திருந்தாள். ஒவ்வோர் அலைக்கும் தலை மூழ்கி எழும்பியது. பக்கத்தில் போனால் படகு உடையும். பாங் ஜைனால் கயிறு கட்டிய வளையத்தை எறிந்தார். அவள் கையை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. "விடு புஷ்பா, கைய விடு, பிடிச்சுக்குறோம்," என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவது தடவை, பாங் ஜைனால் மலாயில் ஏதோ அதட்டிய பிறகுதான், கையை விட்டு வளையத்தைப் பிடித்தாள். உயிர் வந்தது எனக்கு.

மேலே இழுத்துப் போட்டோம். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. வலது பாதம் முழுக்கக் கறுப்பு முள். உதடு நீலமாகிவிட்டது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என்னென்னவோ சொன்னேன். சிங்கப்பூர் போ, எங்க வேணுமோ போ, நல்லா இரு என்றேன். அவள் அழவில்லை. பற்கள் அடித்துக்கொள்ள, மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாங் ஜைனால் படகைத் திருப்பிய பிறகு, "எண்ணுனது எனக்குக் கேட்டுச்சு," என்றாள்.

"என்ன?"

"பாறைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். விசில் ஊதுனப்பவே முள்ள மிதிச்சிட்டேன், கால ஊன முடியல. வர்றேன் வர்றேன்னு கத்திக்கிட்டே இருந்தேன். நீங்க ஏறுன கூச்சல்ல ஒங்களுக்குக் கேக்கல போல. ஆனா ஒங்க சத்தம் எனக்குக் கேட்டுச்சு. எட்டு, ஒன்பது. அப்புறம் நீ. அப்புறம் எனக்கும் நீ சொன்ன."

நான் அவள் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

"அப்பதான் கத்துறத நிறுத்துனேன்," என்றாள் புஷ்பா. "கஸ்தூரி சொல்லிட்டா, இனி நான் வர்ற வரைக்கும் படக நிப்பாட்டி வச்சிருப்பான்னு நெனச்சேன். நிம்மதியா ஒக்காந்து முள்ள எடுக்க ஆரம்பிச்சேன். நாலு முள்ளு எடுத்தேன். எஞ்சின் சத்தம் கேட்டுச்சு."

அடுத்த படகு என்று நினைத்தேன், பச்சைத் துண்டு என்று நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. எல்லாம் உண்மைதான். சொல்லி என்ன பயன்? குனிந்து அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்தேன், மிச்ச முள்ளையாவது எடுக்கலாம் என்று.

அவள் மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் கஸ்தூரி," என்றாள். "ஆஸ்பத்திரியில எடுத்துக்குறேன்."